எல்லை தாண்டும் நண்டும், ஏட்டில் ஏறாத கடனும்

பழவேற்காடு ஏரியில் படகேறி வடக்கு நோக்கிச் செல்பவர், தாம் எவ்விடத்தில் தமிழகத்தை விட்டு ஆந்திரத்தினுள் புகுந்தோம் என்பதை அறிய மாட்டார். தண்ணீரில் கோடு இல்லை. ஆயினும் 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது, நெல்லூர் மாவட்டத்தோடு இவ்வேரியின் மிகப்பெரும் பகுதியும் அம்மாநிலத்தைச் சேர்ந்துவிட்டது. கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அதனை அடுத்த தென்பகுதியும் நம்மிடம் தங்கின. அன்று முதல் ஒரே ஏரிக்கு இரண்டு அரசாங்கங்கள், இரண்டு மீன்வளத் துறைகள், இரண்டு விதமான ஆணைகள். மீன்பிடி உரிமை பற்றி இரு கரை மீனவரிடையே பூசல் பலமுறை மூண்டதுண்டு. ஆனால் கொடுக்கல் வாங்கல் மட்டும் நின்றதில்லை.

அக்கொடுக்கல் வாங்கலின் தன்மையைச் சிறிது நோக்குவோம். ஆந்திரப் பகுதியில் உள்ள இருக்கம் தீவைச் சேர்ந்த மீனவர் ஒருவர் களிநண்டு பிடிக்கிறார் என்று கொள்வோம். கரையில் நிற்கும் ஏஜெண்டு அதை எடை போட்டு, நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் இட்டுச் சென்னைக்கு அனுப்புகிறார். அங்கே தரம் பிரிக்கப்பட்டு, உயிரோடு விமானம் ஏறி அது சிங்கப்பூர் போய்ச் சேருகிறது. சென்னையிலிருந்து அப்பால் செல்லும் வழியில் ஒவ்வொரு படியிலும் ரசீது உண்டு, முத்திரை உண்டு, சுங்கச் சாவடி உண்டு. சென்னைக்கு இப்பால் உள்ள முதற்படியில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வாய்ச்சொல்லே அங்கே பத்திரம். ஏட்டில் ஏறாத இவ்வாணிபத்தைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது என்பதைப் பழவேற்காட்டு வியாபாரிகளும், அவர்களோடு தொடர்புள்ள சென்னை வியாபாரிகளும், அவர்தம் வீட்டாரும் சிந்திக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏட்டில் ஏறாதது என்பதாலேயே இவ்வாணிபம் இழிந்தது என்று எவரும் எண்ண வேண்டா. எல்லைக் கோடு கிழிப்பவர்கள் வருவதற்கு முன்பே இவ்வூர் உலகத்தோடு வாணிபம் செய்தது. பழவேற்காட்டு நெசவுத் துணி கடல் கடந்து மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் சென்றது. மிளகும் கிராம்பும் சாதிக்காயும் திரும்பி வந்தன. மரக்காயர்களின் மரக்கலங்கள் இவ்வழியே ஓடின. இன்றைக்கும் மலேசியாவில் நம் மலாய்ச் சகோதரர் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கைலிக்கு ‘பெலிக்காட்’ என்று பெயர். பழவேற்காடு என்பதே அவர்கள் நாவில் அவ்வாறு ஆயிற்று. நம்முடைய ‘கடை’ அவர்கள் மொழியில் ‘கெடாய்’; நாம் தொழிலில் போடும் ‘முதல்’ அவர்களுக்கும் ‘மோடல்’; ‘கப்பல்’ அங்கே ‘காப்பல்’. ஒரு மக்கள் மற்றொரு மக்களிடமிருந்து கடைக்கும் முதலுக்கும் பெயரைக் கடன் வாங்குகிறார்கள் என்றால், அவர்களிடையே நிலவிய வாணிப உறவு எத்துணை நெருக்கமானதாக இருந்திருக்க வேண்டும்!

பின்னர்ப் போர்த்துக்கீசியர் வந்தனர். தம்மிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கலம் கடலில் ஓடக்கூடாது என்றனர். நேற்றுவரை வாணிபமாக இருந்தது அன்று முதல் கள்ளக் கடத்தல் ஆயிற்று. 1610இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்து, 1613இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக இங்கிருந்து கப்பலேற்றினார்கள் என்பதை, அவர்களுடைய கல்லறைகளின் சிற்ப வேலைப்பாட்டை வியந்து நோக்குவோர் மறந்துவிடுகின்றனர். முடிவில் 1824ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் இலண்டனில் அமர்ந்து ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு மாறியது அதன்படியே. மலாய்க் கடலை இரண்டாக வகுத்து, ஒரு புறம் தமக்கு, மறுபுறம் அவர்களுக்கு என்று பங்கிட்டுக்கொண்டதும் அதே உடன்படிக்கைதான். துணி புறப்பட்ட துறையையும் துணி சென்று சேர்ந்த கடலையும் ஒரே காகிதம் பங்கு போட்டது. அக்காகிதத்தில் நெசவாளரையோ மாலுமியையோ எவரும் ஒரு சொல் கேட்கவில்லை.

ஆகவே, மனிதர் வரைந்த கோட்டை வாணிபம் தாண்டுகிறது என்பது மார்க்கத்தின் பார்வையில் குற்றமன்று. குறைஷியர் குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் மேற்கொண்ட பயணங்களை இறைவன் தன் திருமறையில் ஒரு தனி அத்தியாயமாகவே நினைவூட்டுகிறான். அப்பயணங்களைக் குறிக்க அங்கே ஆளப்பட்டுள்ள ‘ஈலாஃப்’ என்னும் சொல்லுக்கு, வழிநெடுக உள்ள மக்களோடு செய்துகொண்ட பாதுகாப்பு இணக்கம் என்றும் விரிவுரையாளர்கள் பொருள் கூறியுள்ளனர். இக்காலத்தார் பிராந்தியப் பொருளாதார ஒருங்கிணைப்பு என்று நீட்டி முழக்குவதை அவர்கள் ஒரு சொல்லில் அடக்கினர். பசியிலிருந்து உணவு, அச்சத்திலிருந்து அபயம் ஆகிய இரண்டும் அவ்விணக்கத்தின் பயனாக அதே அத்தியாயத்தில் கூறப்படுகின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நலம். ஏட்டில் ஏறாதது வேறு, மறைக்கப்படுவது வேறு. புதிய மீனுக்கும் நண்டுக்கும் சரக்கு சேவை வரி இல்லை. 2017 ஜூலை முதல் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. ஏரியைத் தாண்டி நண்டை விற்பவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் விமான நிலையத்தில் தங்கத்தை உடம்பில் ஒளித்து, அதிகாரி கேட்டால் இல்லை என்று பொய் சொல்லி, ‘குருவி’யாகப் பறக்கும் இளைஞனின் நிலை அத்தகையதன்று. அரசாங்கத்தின் வரி நியாயமா அநியாயமா என்ற வாதத்தைக் கிளப்பி அவன் பொய்யை யாரும் ஹலாலாக்க இயலாது. அதனைப் பிறிதொரு வாரம் பேசலாம்.

நாம் பேச வந்தது கடனைப் பற்றி.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் நம்மில் பலர் திகைப்பர். தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதும் அன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. தவணை குறித்த கடன் எதுவாயினும், சிறிதோ பெரிதோ, சலிப்படையாமல் எழுதி வைக்கும்படியும், எழுத்தர் நீதியோடு எழுதும்படியும், கடன் பெறுபவரே வாசகத்தைச் சொல்லும்படியும் அது பணிக்கிறது. அதே வசனம் ஒரு விலக்கும் அளிக்கிறது. கைக்குக் கை உடனே நடந்து முடியும் வியாபாரத்தை எழுதாமல் விடுவதில் குற்றமில்லை என்கிறது. ஆக, கரையில் நண்டைக் கொடுத்துப் பணத்தை வாங்கிச் செல்வதற்குக் காகிதம் தேவையில்லை. பழவேற்காட்டின் வாய்ச்சொல் வாணிபத்துக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆனால் அங்கே நடப்பது உண்மையில் கைக்குக் கை வியாபாரந்தானா? இதுதான் கேள்வி.

நம் கடற்கரையெங்கும் உள்ள வழக்கம் இது. வலை கிழிந்தால், படகின் எஞ்சின் பழுதானால், வீட்டில் திருமணமோ நோயோ வந்தால் மீனவர் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்குகிறார். வட்டி என்ற பேச்சே எழுவதில்லை. ‘நாங்கள் வட்டி வாங்குவதில்லை’ என்று வியாபாரி பெருமையோடு சொல்லிக்கொள்கிறார். ஆனால் பணம் திரும்பும் வரை பிடிக்கும் மீனையெல்லாம் அவரிடமே போட வேண்டும். விலையையும் அவரே சொல்வார். அவ்விலை சந்தை விலையினும் சற்றுக் குறைந்தே இருக்கும். அந்தச் ‘சற்று’ எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒருவர் 40,000 ரூபாய் முன்பணம் பெற்றுள்ளார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 5 கிலோ வீதம் ஆண்டில் 200 நாள் பிடித்துப் போடுகிறார். கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துக் கொடுக்கப்படுகிறது. ஆண்டுக்கு 20,000 ரூபாய் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. இரண்டாண்டில் 40,000. அவர் வாங்கிய தொகை முழுவதும் போய்விட்டது. ஆனால் கடனோ அப்படியே, ஒரு காசும் குறையாமல் நிற்கிறது. வட்டிக் கடைக்காரன்கூட ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது என்று வாய்விட்டுக் கேட்க நாணுவான்.

கடனால் கொடுத்தவருக்கு விளையும் நிபந்தனையான ஆதாயம் எதுவாயினும் அது ரிபாவே என்பது ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதி. இவ்விதி நபிமொழியாகவும் அறிவிக்கப்படுகிறது; அவ்வறிவிப்பு பலவீனமானது என்பதை ஆலிம்கள் அறிவர். எனினும் கருத்தில் நான்கு மத்ஹபின் இமாம்களும் ஒன்றுபட்டுள்ளனர். இதனினும் வலுவானது ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஒரு நிகழ்ச்சி. அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், இராக்கிலிருந்து மதீனாவுக்கு வந்த அபூ புர்தாவுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றார்கள். வட்டி மலிந்த நாட்டில் நீர் வாழ்கிறீர். உம்மிடம் கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலையோ வாற்கோதுமையையோ தீவனத்தையோ அன்பளிப்பாகத் தந்தாலும் ஏற்காதீர், அது வட்டி என்னும் கருத்தில் எச்சரிக்கின்றார்கள். வைக்கோலுக்கே இந்த எச்சரிக்கை என்றால், நாள்தோறும் கிலோவுக்கு இருபது ரூபாயை என்னவென்பது? பெருநாள் தினத்தில் ‘முதலாளி வீட்டுக்கு’ என்று வந்து இறங்கும் ஒரு கூடை இறாலை என்னவென்பது? அதைச் சமைக்கும் நம் சகோதரிமார், அது யாரிடமிருந்து வந்தது, அவர் கணக்கில் கடன் உண்டா என்று கேட்டுப் பார்க்கும் உரிமை உடையவர்கள்.

வியாபாரியின் தரப்பையும் கேட்க வேண்டும். அவர் பொல்லாதவர் அல்லர். ‘மௌலவி சாஹிப், நான் கொடுக்காவிட்டால் அவனுக்கு யார் கொடுப்பார்? வங்கி பத்திரம் கேட்கும். அவனிடம் பத்திரம் ஏது? வங்கியும் வட்டிதானே வாங்குகிறது? புயலில் படகு போனால் என் பணமும் போயிற்று. மீனை வேறொருவரிடம் போட்டுவிட்டால் நான் எங்கே தேடுவேன்?’ என்று அவர் கேட்கிறார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018க்குப் பிறகு விவசாயக் கடன் அட்டையை மீனவர்க்கும் நீட்டியுள்ளார்கள். ஆனால் நள்ளிரவில் மனைவிக்குப் பிரசவ வலி கண்டால் மீனவர் தட்டுவது ஏஜெண்டின் கதவைத்தான், வங்கியின் கதவை அன்று. அவர் உடனே எழுந்து பணம் கொடுக்கிறார். அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை. அந்நன்மைக்குப் பிறகு, விடிந்ததும் தராசின் முன் நடப்பதைத்தான் கேட்கிறோம்.

‘இது கடனன்று, மீனுக்கு முன்கூட்டிய விலை, மார்க்கம் ஸலம் வியாபாரத்தை அனுமதித்திருக்கிறதே’ என்று ஓரளவு ஓதியவர்கள் கூறுவதுண்டு. அனுமதித்திருப்பது உண்மை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் ஓராண்டு ஈராண்டுக்கு முன்பே பேரீச்சம் பழத்துக்குப் பணம் கொடுத்து வந்தனர். அளவு, எடை, தவணை மூன்றும் திட்டமாகக் குறிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு நாயகம் அவர்கள் அதனை அங்கீகரித்தார்கள். இப்போது பழவேற்காட்டு முன்பணத்தை இதனோடு ஒப்பிடுங்கள். எத்தனை கிலோ? குறிப்பிடப்படவில்லை. என்ன தரம்? அதுவும் இல்லை. எந்த நாளில்? ‘கடன் தீரும் வரை.’ விலை? அன்றன்றைக்கு ஏஜெண்டு சொல்வது. மேலும், இன்ன தோட்டத்தின் பழம் என்று குறித்து ஸலம் செய்வதை இமாம்கள் தடுத்துள்ளனர். அத்தோட்டம் அவ்வாண்டு காய்க்காமற் போகலாம் என்பதே காரணம். இன்ன படகின் மீன் என்று கட்டுவதும் அது போன்றதே. கடல் கொடுத்தால் அல்லவா படகில் மீன்? ஆதலால் இதற்கு ஸலம் என்ற போர்வை பொருந்தாது.

பொருந்தும் வழிகள் இல்லாமல் இல்லை. படகிலோ வலையிலோ வியாபாரி பங்காளியாகச் சேர்ந்து, கிடைப்பதில் விகிதம் பேசி, இழப்பிலும் தம் முதலின் அளவுக்குப் பங்கு கொள்ளலாம். நாயகம் (ஸல்) அவர்களே கதீஜா நாயகியாரின் முதலோடு ஷாமுக்கு வாணிபம் சென்றவர்கள் அல்லரோ! அல்லது தூய கடனாகக் கொடுத்து, மீனைச் சந்தை விலைக்கே வாங்கி, அதில் ஒரு பகுதியைக் கடனில் வரவு வைத்துக்கொள்ளலாம். சென்னையில் விற்கும்போது கிடைக்கும் இலாபம் முழுக்க அவருக்கு ஹலால். அது போதாது என்பாரானால், அவருக்குப் போதாதது எது என்பதை அவரே யோசிக்கட்டும்.

மற்றொன்று. படகு கரைக்கு வரும் முன்பே சில ஏஜெண்டுகள் தம் படகை ஓட்டிக்கொண்டு ஏரியின் நடுவுக்கே சென்று சரக்கை வாங்கிவிடுகின்றனர். இரு மாநில எல்லை ஒட்டிய பகுதியில் இது எளிது. கரையில் இன்று என்ன விலை என்பது வலையிழுத்துக் களைத்து வருபவருக்குத் தெரியாது. வணிகக் கூட்டத்தார் சந்தையை வந்தடையும் முன் எதிர்கொண்டு சென்று வாங்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்த பின், அவ்வியாபாரத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதும் முஸ்லிமின் அறிவிப்பில் உண்டு. பாலைவனத்து ஒட்டகச் சாரிக்குச் சொன்ன சட்டம் ஏரிப் படகுக்கு இவ்வளவு அச்சாகப் பொருந்துவதைக் கண்டு நாம் வியந்ததுண்டு. இப்போது கைப்பேசி வந்துவிட்டது, விலை எல்லார்க்கும் தெரியும் என்பர். விலை தெரிந்தும் பயனில்லை. முன்பணம் வாங்கியவர் அதிக விலை கொடுப்பவரிடம் போக முடியாதே. கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கோ விலை கேட்கும் துணிவே இல்லை.

இந்த இருளர் பெண்களும், குப்பங்களில் வாழும் மீனவரும் பெரும்பாலும் இந்துக்கள், கிறிஸ்தவர்கள். ‘நம்மவர்க்கிடையே அல்லவா இச்சட்டம்?’ என்று காதோடு காதாகக் கேட்பவர்கள் உண்டு. ஹனஃபி நூல்களில் வேறு சூழலுக்காகச் சொல்லப்பட்ட ஓர் அபிப்பிராயத்தை அவர்கள் துணைக்கு அழைப்பர். நூற்றாண்டுகளாக ஒரே கரையில் வாழ்ந்து, ஒரே சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் அண்டை வீட்டாரைப் பகை நாட்டாராகக் கருதும் அந்த வாதம் நம்மிடம் செல்லாது. நாயகம் (ஸல்) அவர்கள் உலகைப் பிரிந்தபோது அவர்களது போர்க் கவசம் மதீனத்து யூதர் ஒருவரிடம், வாற்கோதுமைக்காக ஈடாக இருந்தது. பிற சமயத்தவரோடு அவர்கள் செய்த கொடுக்கல் வாங்கலுக்கென வேறொரு தராசு இருந்ததில்லை.

அரசாங்கங்கள் தம் பங்குக்கு ஒப்பந்தங்களைக் குவிக்கின்றன. இந்தியா-இலங்கை தடையில்லா வாணிப ஒப்பந்தம் 2000இல் நடைமுறைக்கு வந்தது. தெற்காசிய நாடுகளுடையது 2006இல் வந்தது. சிங்கப்பூரும் மலேசியாவும் அடங்கிய ஆசியான் நாடுகளோடு சரக்கு ஒப்பந்தம் 2010இல் வந்தது. சுங்கம் குறைந்தது, சரக்கு விரைந்தது. நல்லதே. ஆனால் இவ்வொப்பந்தங்கள் எவையும் ஏரிக்கரைத் தராசு வரை வருவதில்லை. சிங்கப்பூர் உணவு விடுதியில் நண்டின் விலை உயர்ந்தால் இருக்கம் தீவு மீனவருக்கு அதில் ஒரு ரூபாயாவது சேருமா என்பதைத் தீர்மானிப்பது அந்த முன்பணமே. அதனைச் சரிசெய்ய டெல்லிக்கோ ஜகார்த்தாவுக்கோ போக வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும்.

தொகை, தேதி, அன்றைய சந்தை விலை, கொடுத்த விலை, கழித்த தொகை, மீதி ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். இரு தரப்பிலும் ஒவ்வொரு படி இருக்க வேண்டும். மீனவர் சொல்ல, எழுதத் தெரிந்த பிள்ளை ஒருவர் எழுத வேண்டும். வசனம் கடன்பட்டவரையே சொல்லச் சொல்கிறது என்பதைக் கவனிக்க. ஜமாஅத்தின் பைத்துல்மாலில் தேங்கிக் கிடக்கும் தொகையிலிருந்து வலைக்கும் எஞ்சினுக்கும் சமய பேதம் பாராது அழகிய கடன் கொடுக்க முன்வருவார்களானால், ஏஜெண்டுக்கும் சுமை குறையும்.

இனி, பல்லாண்டுகளாகத் தீராமல் நிற்கும் பழைய முன்பணங்களை என்ன செய்வது என்பதே எஞ்சியுள்ள வினா. அதற்கான விடை அக்கடன் வசனத்துக்குச் சற்று முன்பே, 279, 280ஆம் வசனங்களில் உள்ளது. முதல் மட்டுமே கொடுத்தவருக்கு உரியது. கடன்பட்டவர் இடர்ப்பாட்டில் இருந்தால் அவகாசம் தர வேண்டும். விட்டுக் கொடுப்பது இன்னும் சிறப்பு. ஆகவே வியாபாரி தம் நினைவில் உள்ளவற்றையேனும் கொண்டு கணக்குப் பார்க்கட்டும். இதுவரை குறைத்துக் கொடுத்த விலை கொடுத்த முன்பணத்துக்குச் சமமாகியிருந்தால் அக்கடன் தீர்ந்துவிட்டது. அதை மீனவரிடம் நேரில் சென்று சொல்வது அவர் கடமை. சமமான தொகைக்கும் மேலே போயிருந்தால், மிகுதியைத் திருப்பித் தரக் கடமைப்பட்டவர் வியாபாரியே.